கணக்கில் பணம் இருந்தும் ஓவர்டிராஃப்ட் விழுவது எப்படி?

டெக்சாஸுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமான ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை மாலை அவருடைய செக்கிங் கணக்கில் (அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கு) 1,480 டாலர் இருந்தது. முன்பு அறையில் உடன் தங்கியிருந்தவர் தர வேண்டிய 1,400 டாலரைச் செக்காகக் கொடுத்தார். அன்று மாலை ஆறரை மணிக்குத் தம்பி அதை போனில் படம் எடுத்து டெபாசிட் செய்தார். ஆப்பில் 2,880 என்று காட்டியது. அதை நம்பி 1,650 டாலர் வாடகைக்குச் செக் எழுதி, சனிக்கிழமை அபார்ட்மென்ட் ஆபீஸ் பெட்டியில் போட்டார். வார இறுதியில் மளிகை 86, பெட்ரோல் 42, ஓட்டல் 54, போன் பில் 60. புதன்கிழமை விடிகாலை அலர்ட் வந்து பார்த்தால் மைனஸ் 517. மூன்று இடத்தில் ஓவர்டிராஃப்ட் கட்டணமாக, அதாவது இருப்பை மீறி ஏறிய செலவுக்காக, தலா 35 டாலர் பிடித்திருக்கிறார்கள். "என்னிடம் பணம் இருந்ததே, இது எப்படி? அடுத்த மாதம் செக்கில் பின்தேதி (இனி வரப்போகும் தேதி) போட்டுக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாமா?" என்று கேட்கிறார்.

அமெரிக்க வங்கிகளின் கணக்கு மென்பொருளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இரவு போஸ்டிங் (வரவு செலவுகளைக் கணக்கில் ஏற்றும் வேலை) ஓடி முடிகிறவரை விழித்திருந்து பார்த்த குழுவில் இருந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தம்பி. நம் ஊரிலிருந்து வருகிற பலர் முதல் ஆறு மாதத்துக்குள் மாட்டிக்கொள்கிற இடம் இது.

நீங்கள் போட்ட கணக்கில் தவறு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 988 டாலர் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க வங்கியில் வரவுக்கு ஒரு காலக்கணக்கு, செலவுக்கு வேறு காலக்கணக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு மூன்று நாளில்தான் ஓவர்டிராஃப்ட் பிறக்கிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. கிளையில் பிற்பகல் 2 மணிக்கு முன்பும், ஏடிஎம்மில் நண்பகலுக்கு முன்பும் கட்-ஆஃப் வைக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போன் டெபாசிட்டுக்கு எத்தனை மணி என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த நேரம் தாண்டினால் அது அடுத்த வங்கி நாளின் டெபாசிட். சனிக்கிழமை கிளை திறந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது வேலை நாள் இல்லை. ஞாயிறும் இல்லை. நீங்கள் டெபாசிட் செய்த வாரத்தில் திங்கள்கிழமை, செப்டம்பர் 1, லேபர் டே விடுமுறை. ஆக, வெள்ளி மாலை நீங்கள் போட்ட செக், வங்கியின் கண்ணில் செவ்வாய்க்கிழமை வந்த செக்.

அதற்கு மேல் ஹோல்டு, அதாவது செக் பணத்தை எடுக்க விடாமல் வங்கி நிறுத்தி வைப்பது. 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் ரெகுலேஷன் சிசி என்ற ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி) விதியும்தான் இதற்கு அடிப்படை. நேரில் கவுன்டரில் கட்டிய ரொக்கம், நேரடி டெபாசிட்டாக வரும் சம்பளம், வயர் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக அனுப்பும் பணம்) போன்றவை அடுத்த வேலை நாளில் கைக்கு வர வேண்டும். சாதாரண செக் என்றால் முதல் 275 டாலர் அடுத்த வேலை நாளில், மீதி இரண்டாவது வேலை நாளில். 2025 ஜூலை 1 வரை அந்த முதல் தொகை 225 ஆக இருந்தது. போனில் படமாக அனுப்பும் செக்கை இந்த அட்டவணை கட்டாயப்படுத்துவதில்லை என்றுதான் வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. பல வங்கிகள் இதே அட்டவணையைப் பின்பற்றுகின்றன, சில இன்னும் நிறுத்தி வைக்கின்றன. உங்கள் வங்கி இதைப் பின்பற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய் வந்த செக்கில் 275 டாலர் புதன் காலை, மீதி 1,125 வியாழன் காலை. செவ்வாய் இரவு போஸ்டிங் ஓடும்போது அந்தச் செக்கிலிருந்து எடுக்கக்கூடிய பணம் பூஜ்யம்.

ஆப்பில் பார்த்த 2,880 என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது கரண்ட் பேலன்ஸ், ஹோல்டில் இருப்பதையும் சேர்த்துக் காட்டும் தொகை. அதற்குப் பக்கத்திலோ, ஒரு தட்டு தட்டிய பிறகோ, அவெய்லபிள் பேலன்ஸ், அதாவது இப்போதே எடுக்கக்கூடிய தொகை, என்று ஒன்று இருக்கும். அதுதான் 1,480. பெரும்பாலான பெரிய வங்கிகள் ஓவர்டிராஃப்ட்டைக் கணக்கிடுவது அவெய்லபிள் பேலன்ஸை வைத்து. கரண்ட் பேலன்ஸை வைத்துக் கணக்கிடும் வங்கிகளும் உண்டு. அப்படி ஒரு வங்கியில் இருந்திருந்தால், செவ்வாய்க் கணக்கில் செக் ஏறிவிட்டதால், உங்களுக்கு ஒரு டாலர்கூட அபராதம் விழுந்திருக்காது. ஆப்பைத் திறந்ததும் பெரிய எழுத்தில் நிற்பது இரண்டில் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது செலவுப் பக்கம். இங்கேதான் காலம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நீங்கள் எழுதிய செக், காகிதமாகவே லாரியிலும் விமானத்திலும் பயணம் செய்து உங்கள் வங்கிக்கு வந்து சேரும். இரண்டு மூன்று நாள், தூரத்து ஊர் என்றால் அதற்கும் மேல். அந்த இடைவெளியை நம்பி, வெள்ளிக்கிழமை சம்பளம் வரப் போகிறது என்று புதன்கிழமையே செக் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் நின்றபோது, நாடு முழுக்கச் செக்குகள் அப்படியே தேங்கின. காகிதத்தை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. 2003-ல் செக் 21 என்ற சட்டம் வந்து, 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்துக்குப் பதில் படத்தை வைத்தே செக்கைத் தீர்த்துக்கொள்ள அது வழி திறந்தது. இன்று அபார்ட்மென்ட் ஆபீஸில் மேசை மேல் ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கும். செவ்வாய் காலை அங்கே வேலை பார்ப்பவர் பெட்டியைத் திறந்து உங்கள் செக்கை அதில் விட்டிருப்பார். அன்று இரவே அது உங்கள் வங்கியின் போஸ்டிங் கோப்பில் வந்து நின்றுவிட்டது.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நாம் எழுதிக் கொடுக்கும் செக் ஒரே நாளில் பணத்தை எடுத்துவிடுகிறது. நமக்கு வரும் செக்கும் அதே படம், அதே வேகம்தான். ஆனால் அதை இரண்டு நாள், சில நேரம் ஒரு வாரத்துக்கும் மேல் நிறுத்தி வைக்கும் உரிமை 1980-களில் எழுதிய விதியின்படி இன்னும் வங்கிக்கு இருக்கிறது. தொழில்நுட்பம் கொடுத்த வேகத்தின் லாபம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போயிருக்கிறது. திரும்பி வரும் செக்குகளிலிருந்து வங்கி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்தக் காப்புக்கான செலவைச் சுமப்பது, மாதக் கடைசியில் ஆயிரம் டாலருக்குள் கணக்கை ஓட்டும் ஆள்தான்.

அடுத்து, செவ்வாய் இரவு. வெள்ளி இரவுக்கும் செவ்வாய் இரவுக்கும் இடையில் போஸ்டிங் நடக்கவில்லை. நான்கு நாள் நீங்கள் செய்த எல்லாம் குவிந்து ஒரே இரவில் ஏறுகின்றன. எந்த வரிசையில் ஏறுகின்றன என்பதுதான் எத்தனை அபராதம் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் எண்களையே போட்டுக் காட்டுகிறேன். செய்த வரிசைப்படி ஏற்றினால், 1,480-லிருந்து மளிகை போக 1,394, பெட்ரோல் போக 1,352, ஓட்டல் போக 1,298, போன் பில் போக 1,238. கடைசியில் வாடகை 1,650 வந்ததும் மைனஸ் 412. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனது ஒரே ஒரு உருப்படியில். அபராதம் 35.

பெரிய தொகையை முதலில் ஏற்றினால்? வாடகை முதலில் விழுந்து உடனே மைனஸ் 170. பிறகு மளிகை 86, போன் 60, ஓட்டல் 54, பெட்ரோல் 42 ஆகிய நான்கும் ஏற்கனவே மைனஸில் இருக்கும் கணக்கில் விழுகின்றன. முடிவு அதே மைனஸ் 412தான். ஆனால் கீழே போன உருப்படிகள் ஐந்து. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் பிடிப்பதில்லை என்று உங்கள் வங்கி வரம்பு வைத்திருப்பதால் 105 டாலரோடு நின்றது; இல்லையென்றால் 175 போயிருக்கும். மைனஸ் 412, அதில் 105 போக மைனஸ் 517. உங்கள் கணக்கு பைசா சுத்தமாகப் பொருந்துகிறது. ஆகவே உங்கள் வங்கி பெரியதை முன்னால் வைக்கும் வரிசையைத்தான் ஓட்டியிருக்கிறது.

"வாடகை, வீட்டுக் கடன் போன்ற முக்கியமான பணம் முதலில் போய்ச் சேரட்டும் என்றுதான் இப்படிச் செய்கிறோம்" என்பது வங்கிகள் சொல்லி வந்த காரணம். இதை நீதிமன்றம் ஆராய்ந்திருக்கிறது. 2010-ல் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், இந்த வரிசை விஷயத்தில் வெல்ஸ் ஃபார்கோ வாடிக்கையாளர்களுக்கு 203 மில்லியன் டாலர் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் பல ஆண்டு நடந்தும் அந்தத் தொகை நிலைத்தது. 2011-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா இதே மாதிரி வழக்கில் 410 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு பல வங்கிகள் கார்டு செலவுகளைச் செய்த நேரப்படி ஏற்றத் தொடங்கின. ஆனால் செக், தானியங்கிப் பிடித்தம் போன்றவற்றைப் பெரியதிலிருந்து ஏற்றும் வழக்கம் முழுக்கப் போய்விடவில்லை. சட்டம் ஒரே வரிசையை எல்லோருக்கும் விதிக்கவில்லை. ஒப்பந்தத்தில் "போஸ்டிங் ஆர்டர்" என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அரைப் பக்கம்தான், ஆனால் அந்த முழு ஒப்பந்தத்தில் உங்கள் பணத்தை அதிகம் பாதிக்கும் அரைப் பக்கம் அது.

நம் ஊர் அனுபவம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் பணம் இல்லையென்றால் கார்டு வேலை செய்யாது, செக் திரும்பும், அவ்வளவுதான் என்று பழகியிருக்கிறோம். இங்கே வங்கி தன் கைக்காசைப் போட்டுச் செலவை நிறைவேற்றிவிட்டு அதற்குக் கட்டணம் வாங்கும். 2010 முதல் ஒரு பாதுகாப்பு உண்டு: ஏடிஎம்மில் எடுப்பதற்கும், கடையில் ஒருமுறை டெபிட் கார்டு தேய்ப்பதற்கும் உங்கள் சம்மதம் இல்லாமல் ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்கக் கூடாது. மளிகைக்கும் உங்களிடம் பிடித்திருக்கிறார்கள் என்றால், கணக்குத் தொடங்கிய அன்று "கார்டு திடீரென்று மறுக்கப்படாமல் இருக்க இந்தப் பாதுகாப்பு வேண்டுமா?" என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் சரி என்று டிக் போட்டிருப்பீர்கள். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இன்றைக்கே செய்யுங்கள். கடையில் கார்டு மறுக்கப்பட்டால் ஒரு நிமிடம் சங்கடம், கட்டணம் கிடையாது. கவனிக்க வேண்டியது, செக்குக்கும் போன் பில் மாதிரி ஏசிஹெச் (வங்கிகளுக்கு இடையிலான தானியங்கிப் பணமாற்று அமைப்பு) வழியாகப் போகும் பிடித்தங்களுக்கும் இந்தச் சம்மதம் தேவையில்லை. அவற்றுக்கு வங்கி தன் விருப்பப்படி பணம் கொடுத்துக் கட்டணம் பிடிக்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம்.

சின்னத் தொகைகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பாதிக்கு மேல் 24 டாலரோ அதற்குக் குறைவாகவோ உள்ள செலவுகளில்தான் விழுகின்றன, பெரும்பாலானவர்கள் மூன்று நாளுக்குள் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள் என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் கண்டது. 24 டாலர் மூன்று நாள் கடனுக்கு 34 டாலர் கட்டணம் என்றால், ஆண்டு வட்டியாகப் பார்க்கும்போது 17,000 சதவீதம். கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார்.

கார்டில் இன்னொரு நுணுக்கம். உங்கள் ஓட்டல் பில்லைப் பாருங்கள். ஞாயிறு அன்று கார்டைத் தேய்த்தபோது 45 என்று அங்கீகாரம் வாங்கியிருப்பார்கள். டிப் எழுதிய பிறகு ஏறியது 54. பெட்ரோல் பங்கில் இதற்கு நேர்மாறு: 42 டாலருக்குப் போட்டாலும், பம்ப் 175 டாலர் வரை முன்கூட்டியே நிறுத்தி வைக்கக்கூடும். அது விடுபடும்வரை உங்கள் அவெய்லபிள் பேலன்ஸ் குறைந்தே இருக்கும், அந்த நேரத்தில் வேறு ஒரு பிடித்தம் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கார்டைத் தேய்க்கும்போது பணம் இருந்து, இரண்டு நாள் கழித்து ஏறும்போது இல்லாமல் போவதும் இப்படித்தான்.

ஹோல்டு முடிந்து பணம் அவெய்லபிள் ஆகிவிட்டால் செக் பாஸாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகளைக் குறிவைத்தே இதில் மோசடி நடக்கிறது. விதி சொல்கிறது என்பதற்காக வங்கி முன்கூட்டியே பணத்தைத் தருகிறது. எழுதியவரின் வங்கி அதைப் பிறகு திருப்பி அனுப்பினால், கொடுத்த பணத்தை உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தருவது) அடுத்த நாளே கைக்கு வருவதால், தர வேண்டியதைவிடக் கூடுதல் தொகைக்குப் போலி கேஷியர்ஸ் செக் அனுப்பி, "மிச்சத்தை ஸெல்லில் (கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை) திருப்பி அனுப்பு" என்பார்கள். நீங்கள் அனுப்பியது உடனே போய்விடும், செக் போலி என்று தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். உங்கள் பழைய அறை நண்பர் கொடுத்த செக்கும் அவர் கணக்கில் பணம் இருந்தால்தான் செல்லும். ஸெல்லில் அனுப்பச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சில ஹோல்டுகள் இரண்டு நாளோடு நிற்காது. கணக்குத் தொடங்கி முதல் 30 நாள் சாதாரண செக்குகளுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் செக் போட்டால், அதைத் தாண்டிய தொகைக்கும் அப்படித்தான். கடந்த ஆறு மாதத்தில் ஆறு நாளோ அதற்கு மேலோ கணக்கு மைனஸில் இருந்திருந்தாலும் நீட்டிக்கலாம். கடைசியில் சொன்னதுதான் கொடுமை: ஓவர்டிராஃப்ட் விழுந்தவருக்கே ஹோல்டு நீளும், ஹோல்டு நீள்வதால் மறுபடி ஓவர்டிராஃப்ட் விழும். ஆனால் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. செக் பாஸாகுமா என்ற சந்தேகத்தின் பேரில் நீட்டித்து, டெபாசிட் செய்தபோதே அதை உங்களுக்கு எழுத்தில் சொல்லாமல் விட்டு, அந்தத் தாமதத்தால் மட்டுமே ஓவர்டிராஃப்ட் விழுந்து, பிறகு செக்கும் பாஸாகியிருந்தால், கட்டணத்தைக் கேட்டுத் திரும்பப் பெறலாம். ரெகுலேஷன் சிசியிலேயே இருக்கிறது. கிளையில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வங்கிக்கு போன் செய்து, "லேபர் டே வார இறுதி டெபாசிட் தாமதத்தால் விழுந்த கட்டணம், இது எனக்கு முதல் முறை, மூன்றையும் ரத்து செய்யுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். முதல் முறை என்றால் பெரும்பாலும் ஒன்றாவது திரும்பும், மூன்றும் திரும்புவதும் உண்டு. ஒருவர் மறுத்தால் மறுநாள் வேறொருவரிடம் கேளுங்கள். சேமிப்புக் கணக்கை செக்கிங்கோடு இணைத்தால் குறைகிற பணம் அங்கிருந்து வரும், பல வங்கிகளில் இதற்குக் கட்டணம் இல்லை. அப்படியும் திருப்தி இல்லையென்றால் வங்கியை மாற்றுங்கள். கேபிடல் ஒன், சிட்டி இரண்டும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2022-ல் 35-லிருந்து 10 டாலராகக் குறைத்தது. பெரிய வங்கிகளில் 5 டாலராகக் குறைக்க 2024 டிசம்பரில் வந்த விதியை, நடைமுறைக்கு வரும் முன்பே 2025 மே மாதம் ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

செக் எழுதும் பழக்கம் இருக்கும்வரை கையிலும் ஒரு கணக்கு வேண்டும். ஆப்பில் இருக்கும் அவெய்லபிள் பேலன்ஸிலிருந்து, எழுதிக் கொடுத்து இன்னும் ஏறாத செக்குகளைக் கழித்து வருவதுதான் உங்களிடம் உள்ள பணம். நீங்கள் எழுதி யாரோ பையில் வைத்திருக்கும் செக் எந்த ஆப்புக்கும் தெரியாது. ஃபெடரல் விடுமுறைகளையும் குறித்து வையுங்கள். 2025-ல் அக்டோபர் 13 திங்கள், கொலம்பஸ் டே. உங்கள் அலுவலகம் அன்று வழக்கம்போல நடக்கலாம், ஃபெடரல் ரிசர்வ் நடக்காது.

கடைசியாக, பின்தேதியிட்ட செக். நம் ஊரில் தேதிக்கு முன்னால் கொண்டுபோனால் வங்கி வாங்காது, அதனால் அது பாதுகாப்பு. இங்கே அப்படி இல்லை. செக்கில் 5ஆம் தேதி என்று எழுதியிருந்தாலும் 1ஆம் தேதியே வந்தால் வங்கி கொடுத்துவிடலாம். தடுக்க வேண்டுமென்றால், செக் எண், தொகை, தேதி எல்லாவற்றையும் சொல்லி வங்கிக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதற்கும் சில வங்கிகள் கட்டணம் வாங்கும். அதைவிட அபார்ட்மென்ட் ஆபீஸில் பேசுங்கள். டெக்சாஸ் சட்டப்படி வாடகைக் கெடு முடிந்து இரண்டு முழு நாள் போன பிறகே தாமதக் கட்டணம் வாங்க முடியும். அக்டோபர் 1 புதன்கிழமை, முன்னால் விடுமுறை எதுவும் இல்லை. செப்டம்பர் 30 சம்பளம் நேரடி டெபாசிட்டாக ஏறியதைப் பார்த்துவிட்டு, அன்றோ மறுநாளோ ஆன்லைனில் வாடகையைக் கட்டிவிடுங்கள்.